ஜாமீன் நாட்களில் ஒரு சைவ ஓட்டல்

எனக்கு இருபத்து நான்கு வயதாக இருந்தபோது தஞ்சாவூரில் நாற்பது நாள் தங்க வேண்டி வந்தது. விரும்பிப் போகவில்லை. என் கணவரை ஜாமீனில் விட்டபோது நீதிமன்றம் போட்ட நிபந்தனை அது. தஞ்சாவூரிலேயே தங்க வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குடவாசல் பக்கம் கால் வைக்கக் கூடாது. சாட்சிகளை நெருங்கவோ அவர்களிடம் பேசவோ கூடாது. ஒன்று தவறினாலும் மறுபடி சிறை.

எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் அறுவடை வந்தாலே தகராறும் கூடவே வரும். குடவாசலுக்கு அருகே எங்கள் ஊர். காலனியில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே மிராசுதாரின் வயலில்தான் வேலை. அந்த வருடம் அறுவடைக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். என் கணவர் ஊர்ச் சங்கத்துக்குச் செயலாளர். மிராசுதார் கூலியைக் கூட்டவில்லை, வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வயலில் தள்ளுமுள்ளு ஆனது. அதில் மிராசுதாரின் காரியஸ்தருக்கு வலது கை முறிந்தது. அடித்தது என் கணவர்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தார்.

அடித்தது என் தம்பி. மறுநாளே அவன் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலைக்குப் போய்விட்டான். என் கணவருக்கும் இது தெரியும். “அவன் பேரு வெளிய வரக் கூடாது புள்ள. நான் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

அப்போது எனக்கு மூன்றாவது மாதம். முந்தின வருடம் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. நாங்கள் தங்கியது கீழவாசலில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், மூட்டை தூக்கும் ஒருவர் வீட்டின் ஓர் அறையில். நல்ல மனிதர்கள். ஆனால் அடுப்பு ஒன்றுதான், அதில் தினமும் கருவாடோ மீனோ கொதித்தது. வயல் நண்டும் மீனும் தின்று வளர்ந்தவள் நான். அந்த மூன்றாம் மாதத்தில் அந்த வாடை பட்டாலே குடல் வெளியே வருவதுபோல் இருந்தது. அவர்கள் சட்டியில் வடித்த சோறுகூட உள்ளே இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “எதையாவது சாப்பிட்டு நிக்க வெச்சாத்தான் இந்தப் புள்ள தங்கும்” என்றார்.

அன்றிலிருந்து என் கணவருக்கு இரண்டு வேலை. கையெழுத்துப் போடுவது, எனக்கு ஒத்துக்கொள்கிற சைவச் சாப்பாட்டைத் தேடுவது. தஞ்சாவூர் எங்களுக்கு மிகப் பெரிய ஊர். எந்தத் தெரு எங்கே போய் முட்டும் என்று இருவருக்கும் தெரியாது.

முதலில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். சைவம் என்று பலகை இருந்தது. உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஆம்லெட் வாடை வந்தது. வாசல் சாக்கடைக்குக்கூடப் போய்ச் சேர முடியவில்லை, படியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். முதலாளி கத்தினார். என் கணவர் வாளியில் தண்ணீர் வாங்கிப் படியைக் கழுவிவிட்டு என்னைக் கூட்டிவந்தார்.

அடுத்தது மேல வீதியில் ஓர் அம்மாள் வீட்டிலேயே நடத்திய மெஸ். வாசலிலேயே மிளகு ரசத்தின் மணம். வெகு நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“குடவாசல் பக்கம்ங்க.”

“ஊருல எந்தத் தெரு?”

என் கணவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்றுகூட நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

“காலனிங்க.”

“சாப்பாடு ஆயிடுத்தே” என்றார் அந்த அம்மாள். அவருக்குப் பின்னால் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி நடந்தோம். “சொல்லாம இருந்திருக்கலாம்ல?” என்று கேட்டேன். “இத மறைக்கவா ஜெயிலுக்குப் போனேன்?” என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வயிற்றில் இருந்ததற்கு நியாயம் தெரியாது, பசி மட்டும்தான் தெரியும்.

மூன்றாவதாகக் கிடைத்தது தெற்கு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த ஓட்டல். பெயர்ப்பலகையில் ஓட்டலின் பெயருக்கு முன்னால் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை வெள்ளை அடித்து மறைத்திருந்தார்கள். ஆட்சி மாறியதும் பல ஊர்களில் அப்படி மறைத்தார்கள். உள்ளே யாரும் ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை. நடுத்தர வயதுச் சர்வர் ஒருவர் மேசையைத் துடைத்துவிட்டு, “என்னம்மா வேணும்?” என்றார். எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. இங்கே எல்லோருக்கும் வைத்த எவர்சில்வர் டம்ளரையே என் முன்னாலும் வைத்தார். நான்கு இட்லி தின்றேன். தெருமுனை வரை நடந்தோம். வயிறு புரளவில்லை. கோட்டை அகழி வரை நடந்தோம். அப்போதும் புரளவில்லை. என் கணவர் சத்தமாகச் சிரித்தார். கைதானதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்திருக்கவில்லை.

மூன்று நாள் நிம்மதியாகப் போனது. நான்காம் நாள் காலை, இலையில் பொங்கல் வந்த நேரம், என் கணவரின் கை அப்படியே நின்றது. வாசலில் காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. பக்கத்தில் கறுப்புக் கோட்டுடன் ஒரு வக்கீல். மிராசுதாருக்குத் தஞ்சாவூரில் ஒரு வீடு உண்டு. கைக்கு வைத்தியம் பார்க்கக் காரியஸ்தர் அங்கே வந்து தங்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் சுத்த சைவம். அவரும் நல்ல சாப்பாடு தேடி இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

“நீ சாப்பிடு. தலைய நிமித்தாத” என்று முணுமுணுத்துவிட்டு என் கணவர் எழுந்தார். கை கழுவும் இடத்துக்குப் போகிறவர்போல் போய்க் கொல்லை வழியாக வெளியேறினார். வழக்கின் முதல் சாட்சியே காரியஸ்தர்தான். அவர் இருக்கும் இடத்தில் என் கணவர் நின்றதாக ஒருவர் சொன்னாலும் ஜாமீன் போய்விடும். நான் பொங்கலை மென்றேன், விழுங்கினேன். எதிரே என் கணவரின் இலையில் பாதிப் பொங்கல் கிடந்தது.

வேறு இடம் தேடலாம் என்றார் கணவர். தேடினோம். இரண்டு இடத்தில் வாந்தி எடுத்தேன். அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் என்னைச் சந்து முனையில் விட்டுவிட்டுப் பத்து மணிக் கையெழுத்துக்குப் போவார். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, காவல் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வேப்ப மரத்தடிக்குப் போய்விட வேண்டும். தனியாக ஒரு பெண் ஓட்டலில் உட்கார்ந்தால் நான்கு பேர் திரும்பிப் பார்த்த காலம். அந்தச் சர்வர் மூலையில் ஒரு மேசையை எனக்கென்று காட்டிவிட்டார்.

ஒரு புதன்கிழமை காரியஸ்தர் நேராக அந்த மேசைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஊரில் அவர் வரப்பில் வந்தால் நாங்கள் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும். என்னை அறியாமல் எழப் பார்த்தேன்.

“உக்காரு. எல்லாரும் பாக்கறாங்க” என்றார். காப்பி மட்டும் சொன்னார். “உன் புருஷன் இங்க வந்துட்டுப் போனத நான் பாத்தேன்.”

“சாப்பிட வந்தாருங்க ஐயா. உங்களப் பாத்ததும் எழுந்து போயிட்டாரு. பாதி எலையில.”

“சாட்சியக் கலைக்க வந்தான்னு ஒரு மனு குடுத்தா போதும். மறுபடி உள்ள போயிடுவான்.” குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியும் புள்ள. அவன் அடிக்கல. அடிச்சவன் யாருன்னு நான் பாக்கல, ஆனா உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பேரச் சொல்லு. வாக்குமூலத்த மாத்திக் குடுத்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு.”

ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருஷன். வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு பெயர் வந்துவிடுமோ என்று பயந்து இட்லியை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

இதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நேராகப் போய்க் காரியஸ்தரிடம் சண்டை போடுவார், அதுவே போதும் அவரைப் பிடித்து உள்ளே போட. மறுநாள் அந்த ஓட்டலுக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் பசித்தது. போனேன்.

பத்தேகாலுக்குக் காரியஸ்தர் வந்து மறுபடி என் எதிரில் உட்கார்ந்தார். முகம் கறுத்திருந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை, கட்டைப் பிரித்து மறுபடி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாகச் சர்வரிடம் சொன்னார். சாதாத் தோசை சொன்னார். தோசை வந்தது. இடது கையால் தொட்டுச் சாப்பிட மனசு வரவில்லை போலிருக்கிறது, அந்தக் கையில் ஸ்பூனைப் பிடித்து வெட்டப் பார்த்தார். முறுகல் தோசை நழுவி நழுவிப் போனது. ஒரு தடவை தட்டே சறுக்கி, சாம்பார் அவர் வேட்டியில் கொட்டியது. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். கழுத்தில் தொங்கிய வலது கைதான் எங்கள் நெல்லை மரக்காலில் அளந்து போட்ட கை. அளக்கும்போது அந்தக் கை எப்படியெல்லாம் குறைத்துப் போடும் என்று எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையால் இப்போது ஒரு தோசையைப் பிய்க்க முடியவில்லை. அதை இப்படி ஆக்கியது என் தம்பி என்ற நினைப்பு நெஞ்சில் இடித்தது.

நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். தோசையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவிட்டு, அவர் முன்னால் தள்ளினேன்.

செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அவர் சாப்பாட்டை நான் தொட்டுவிட்டேன். ஊராக இருந்தால் அந்தத் தட்டைக் கொல்லையில் வீசியிருப்பார்கள். அத்தோடு விட்டிருக்கவும் மாட்டார்கள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார், ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை. ஸ்பூனை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். தட்டைக் காலி செய்தார்.

அவர் அப்படிச் சுற்றிப் பார்த்தாரே, அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. சற்று முன் வந்த இரக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றார்.

“மனு குடுங்க ஐயா” என்றேன். “கோர்ட்டுல என்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. ரெண்டு நாளா எங்கூட ஒரே டேபிள்ல உக்காந்தத சொல்லுவேன். நான் பிச்சுப் போட்டதச் சாப்பிட்டதையும் சொல்லுவேன். சர்வரக் கேட்டா அவரும் சொல்லுவாரு. மிராசுதாரும் உங்க ஆளுங்களும் அங்கதான் இருப்பாங்க.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். “இவ்வளவு பேசக் கத்துக்கிட்டியா நீ?” என்றார். எழுந்தபோது நாற்காலி சாய்ந்தது. அதை நிமிர்த்தாமலே போனார். சர்வர் வந்து நிமிர்த்திவிட்டு, “தெரிஞ்சவராம்மா?” என்று கேட்டார். ஆமென்று தலையை ஆட்டினேன். என் தட்டில் இருந்த மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை என்னால் சாப்பிட முடியவில்லை. கணவர் கையெழுத்துக்கு உள்ளே போனதும் வேப்ப மரத்தடியில் நின்றேன். பத்து நிமிட வேலை அது. பத்தரை ஆனது. பதினொன்று அடித்தது. உள்ளேயிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வேகமாக வந்து ஜீப்பில் ஏறினார்கள். மனு வந்துவிட்டது, அவரை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். தம்பி பெயரைச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர் வெளியே வந்தார்.

“என்ன ஆச்சு?” என்று ஓடினேன்.

“ஒண்ணுமில்ல. கையெழுத்து நோட்டு இருந்த பீரோ சாவியக் காணும்னு உக்கார வெச்சுட்டாங்க. நீ ஏன் இப்படி வேர்த்துப் போயிருக்க?”

மனு வரவே இல்லை. காரியஸ்தரும் அதன் பிறகு அந்த ஓட்டலுக்கு வரவில்லை. நாற்பதாம் நாள் நிபந்தனையைத் தளர்த்தினார்கள், ஊருக்குத் திரும்பினோம். ஐந்து மாதம் கழித்து என் மகள் பிறந்தாள். நல்ல எடை.

வழக்கு மூன்று வருடம் நடந்தது. கூண்டில் ஏறிய காரியஸ்தர், “அடி பின்னாலேருந்து விழுந்துச்சு, யாருன்னு பாக்கல” என்று சொல்லிவிட்டார். வளைந்தபடியே கூடிவிட்ட கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு சொன்னார். மிராசுதாருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் வேலையை விட்டுவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதனால் சொன்னாரா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. என் கணவரை விடுதலை செய்தார்கள். தம்பி பட்டுக்கோட்டையிலேயே பெண் எடுத்து அங்கேயே இருந்துவிட்டான்.

என் கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னது மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு. பெருமைப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“அந்த ஆளுக்கு நீ பிச்சுப் போட்டியா? நீ தொட்டத அவன் சாப்பிட்டது ஊருக்குத் தெரிஞ்சா கேவலம்னு சொல்லி மிரட்டினியா? அப்ப நாம கேவலம்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகலையா?”

“அன்னிக்கு என் வயித்துல உங்க புள்ள இருந்துச்சு” என்றேன்.

“என்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா நீங்க ஜெயில்ல இருந்திருப்பீங்க.”

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, “நீயும் வா” என்றார். அதுவரை அவர் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன்.