நான் போட்ட புள்ளடி

2014ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் சுவிஸ் நாட்டில், ஊஸ்டர் என்ற ஊரில் குடியிருந்தோம். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. எங்கள் சனத்துக்குள் ஜெர்மன் மொழியில் படிவம் நிரப்புவதில் என்னை விழுத்த ஆளில்லை. விசா புதுப்பிப்பதா, வாடகை வீட்டு விண்ணப்பமா, எல்லாம் என் குசினி மேசைக்குத்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மறைப்பானேன்?

மகள் கிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்துகிற பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடத்துக்கு ஒரு சிறப்புப் பாடம் தெரிவுசெய்ய வேண்டும். விஞ்ஞானப் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று உயிரியலும் இரசாயனமும், மற்றது பௌதிகமும் பிரயோக கணிதமும். அவள் பென்சிலால் பௌதிகத்துக்கு நேரே புள்ளடி போட்டு, என் கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டினாள்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், பயோ எடுத்தால்தான் மருத்துவம், கணிதம் எடுத்தால் பொறியியல். ஒன்றைத் தெரிவுசெய்தால் மற்றக் கதவு பூட்டுப்பட்டுவிடும். இவள் டொக்டராவாள் என்று, இவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

"அம்மா, இஞ்ச அப்பிடியில்லை. எதை எடுத்தாலும் பிறகு எதையும் படிக்கலாம்" என்றாள்.

"எத்தினை பேருக்கு ஃபோம் நிரப்பிக் குடுத்தனான். எனக்குத் தெரியாதோ?"

அவளுடைய பென்சில் புள்ளடியை அழிறப்பரால் அழித்துவிட்டு, உயிரியலுக்கு நேரே பேனையால் அழுத்திப் போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். அவளும் தன் கையெழுத்தை வைத்து, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். சொல்வழி கேட்கிற பிள்ளை என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

வியாழக்கிழமை பின்னேரம் பாடத் தெரிவு பற்றிப் பெற்றோர் கூட்டம். மகளும் கூட வந்தாள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வியாவது கேட்காமல் வீடு திரும்புகிற பழக்கம் எனக்கில்லை. எழும்பி நின்று, உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு மருத்துவம் படிக்க எவ்வளவு முன்னுரிமை கிடைக்கும் என்று கேட்டேன்.

இரசாயனம் படிப்பிக்கிற ஆசிரியை சிரித்த முகத்தோடு, முன்னுரிமை ஒன்றும் இல்லை என்றார். மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தேர்வு இருக்கிறதாம். லத்தீன் எடுத்த பிள்ளையும் அதை எழுதலாம், இசை எடுத்த பிள்ளையும் எழுதலாமாம். பிள்ளைக்கு எதில் விருப்பமோ அதை எடுப்பதுதான் நல்லது என்றும் சொன்னார். பக்கத்தில் மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் எனக்குக் கணக்கு என்றால் உயிர். என்னைப் பெற்ற ஐயா பயோ என்றார், நான் பயோ படித்தேன். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை, கணக்கும் கையை விட்டுப் போனது. அதே வேலையை, அதுவும் பூட்டே இல்லாத ஒரு கதவுக்கு முன்னால் நின்று, நான் என் பிள்ளைக்குச் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, படிவத்துக்குக் கடைசி நாள். வேலைக்குப் பின்னேரம்தான் வருவதாக அறிவித்துவிட்டுப் பள்ளி அலுவலகத்துக்கு ஓடினேன். படிவத்தில் சின்னத் தவறு நடந்துவிட்டது என்று சொல்ல பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண்மணியின் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. பிழை என்னுடையது, என் மகள் கேட்டது பௌதிகம் என்றேன்.

அவர் தேடவே இல்லை. மேசை மேலேயே இருந்த படிவத்தை எடுத்து நீட்டினார். அதில் மகளின் கையெழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தயவுசெய்து இதை இன்னும் கணினியில் பதிய வேண்டாம், அம்மா வியாழன் கூட்டத்தில் கட்டாயம் கேள்வி கேட்பார், வெள்ளி காலை மாற்ற வருவார் என்று எழுதியிருந்தாள். உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தோம் என்று அந்தப் பெண்மணி புதுப் படிவம் ஒன்றைத் தந்தார்.

அதில் கையெழுத்து மட்டும் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மத்தியானம் மகள் சாப்பிட வந்தபோது, ஏன் அன்றைக்கே என்னோடு சண்டை பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்பமாட்டியள். நீங்களே கேட்டா நம்புவியள்" என்று சொல்லிவிட்டு, பௌதிகத்துக்கு நேரே பேனையால் புள்ளடி போட்டுக் கொண்டுபோனாள்.

அவள் டொக்டராகவில்லை. பாலங்களின் பாரத்தைக் கணக்குப் பார்க்கிற வேலை, அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சனம் இன்றும் படிவங்களோடு என் குசினிக்கு வருகிறது, நானும் அதே தலைக்கனத்தோடுதான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆனால் பாடத் தெரிவுப் படிவம் வந்தால் மட்டும் பேனையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பெற்றோரையும் கூட்டிக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன். பிழை தெரிந்தால் அம்மா மறுநாளே ஓடி வருவாள் என்று என்னை நம்பி ஒரு பிள்ளை மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாளே, அதற்கு என்னால் செய்ய முடிந்த கைமாறு அதுதான்.