மேல்காற்றில் பத்தமடை போய் வந்தது

திருநெல்வேலியில் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டியவன் நான்தான். பொய். ஓட்டியவர் நான் வேலை பார்த்த வீட்டு வக்கீல் ஐயா. முதலில் விழுந்தவன்தான் நான். ஏறத் தெரியும், மிதிக்கத் தெரியும். இறங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி விழுவது.

ஆனி மாதம். ஐயா மகளுக்குக் கல்யாணம். நலுங்குக்குப் பத்தமடைப் பாய் வாங்கிவர, வில்வண்டிக்காரரை விட்டுவிட்டு என்னைச் சைக்கிளில் அனுப்பினார் ஐயா. "பைய போயிட்டு வாலே" என்று வண்டிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டை தாண்டியதும் சைக்கிள் நகரவில்லை. மேல்காற்று மேற்கு மலையிலிருந்து நேரே என் மூஞ்சிக்கு வந்தது. எனக்கோ வண்டிக்காரர்மேல் சந்தேகம். சக்கரத்தில் எதையாவது செருகிவிட்டாரோ? இறங்கி, அதாவது விழுந்து, பார்த்தேன். சங்கிலியை மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பாதி வழி தள்ளிக்கொண்டே போனேன்.

பாயை முதுகில் கட்டிக்கொண்டு திரும்பினால், அதே சைக்கிள் மிதிக்காமலே பறக்கிறது! வண்டிக்காரர் குட்டிச்சாத்தானை ஏவிவிட்டாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வில்வண்டி போனால் பொழுது சாயத்தான் திரும்பும். நான் மத்தியான இலை போடும்போதே வாசலில் வந்து விழுந்தேன். வண்டிக்காரர் பாயைத் தடவினார்.

"இவன் எங்கன ஐயா பத்தமடைக்குப் போனான்? டவுன் கடையில வாங்கிட்டு, ஆத்தங்கரையில தூங்கிட்டு வாரான்."

ஐயா முகம் மாறியது. "ஏலே, சம்பந்தி வீட்டார் முன்னாடி கடைப்பாய விரிச்சு என் மானத்த வாங்கப் பாக்கியா?"

"சத்தியமா போனேன் ஐயா!"

"அப்போ ஓட்டிக் காட்டு. முடியலன்னா இனி சைக்கிளத் தொடப்படாது. தொழுவுல சாணி அள்ளு."

தெருவே கூடிவிட்டது. மேற்கே பார்த்து மிதித்தேன். நாலு முழம் போகவில்லை, விழுந்தேன்.

"இந்தப் பயதான் பத்தமடைக்குப் போனானாக்கும்!" என்று வண்டிக்காரர் கைதட்டினார். ஐயா சைக்கிளைப் பிடுங்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் பார்த்தேன், என் தலைத்துண்டு கிழக்கே பறந்து போய்க்கொண்டிருந்தது. எழுந்து, சைக்கிளைத் துண்டு போன பக்கம் திருப்பி ஏறினேன். காற்று முதுகில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளியது. பந்தல், வாழைமரம், சமையல்காரர் எல்லாம் பின்னால் போனார்கள். துண்டையும் முந்திவிட்டேன். ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நம்புதேம்லே! நம்புதேன்! சைக்கிள நிறுத்துலே!"

எனக்கு நிறுத்தத் தெரிந்தால்தானே? தெருமுனையில் வண்டிக்காரருடைய வைக்கோல் படப்பு. அதற்கு முன்னால், எல்லாத் தடபுடலோடும் சம்பந்தி வீட்டார்...

"இந்தாங்க! கதை அளந்தது போதும். எருமை கயித்த அத்துக்கிட்டு ஓடுது, வந்து புடிங்க!" என்று கொல்லையிலிருந்து கத்துகிறாள் என் வீட்டுக்காரி. மீதியை வந்து சொல்கிறேன்.