அக்கா நிரப்பிய தொட்டி

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் தொண்டைக்குள் தண்ணீராவது இறங்கும்.

என் அக்கா துப்புரவு வேலை பார்க்கிறவள். எங்கள் தெருமுனையில், பூட்டு சாவிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. கத்தோலிக்க சபையைச் சேராத ஒரு ஜெபக்குழு அதை வாடகைக்கு எடுத்திருக்கிறது. கூட்டிப் பெருக்கி, ஃபினாயில் ஊற்றித் துடைத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போடுவது அவள் வேலை. கூட்டம் முடிந்ததும் திரும்ப அடுக்க வேண்டும். அதுவரை சும்மா உட்காரத் தெரியாத ஜென்மம் என்பதால், கையில் ஜெபமாலையோடு கடைசி வரிசையில் அவளும் முழங்கால் போட்டுவிடுவாள்.

அந்தக் குழுவின் ஜெபமெல்லாம் எங்கள் ஊருக்காகத்தான். இங்கே பத்துக்கு ஒன்பது பேர் கத்தோலிக்கர்கள், நானும் அக்காவும் அதில் அடக்கம். "ஆண்டவரே, இந்த ஜனங்க உம்மைப் பேருக்குத்தான் வச்சிருக்காங்க. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான் கோயில் வாசலை மிதிக்கிறாங்க. இந்த ஊரின் கண்களைத் திறந்தருளும்" என்று பாஸ்டர் கண்ணீர் விட்டு மன்றாடுவார். கூடத்திலேயே சத்தமாக ஆமென் போடுவது எங்கள் அக்காதான்.

"அக்கா, அவங்க குருடுன்னு சொல்றது நம்மளத்தான்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"உன்னச் சொல்லியிருப்பாங்க. நீ கடைசியா எப்ப பூசைக்குப் போன? எல்லாரும் கும்பிடறது ஒரே இயேசுவத்தானே, போடி."

யாரையும் சந்தேகப்படத் தெரியாதவளிடம் வாயைக் கொடுத்து ஜெயிக்க முடியாது. புருஷன் போன பிறகு, ஆஸ்பத்திரி, ஆபீஸ், அடுக்குமாடி என்று ஊர் அழுக்கையெல்லாம் துடைத்து ஒரே மகனை வளர்த்தவள் அவள்.

அந்த மகன்தான் அவளுக்கு ஒரே கவலை. ஏசி மெக்கானிக். தங்கமான பையன், ஆனால் கோயில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் அப்பாவின் அடக்கப் பூசையில் ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, செத்தவர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வெளியே போனவன் போனவன்தான். தினமும் சாயங்காலம் அக்கா செபம் சொல்ல உட்கார்ந்தால், அவன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வான். அதனால்தான் அக்கா பாஸ்டரிடம், "என் பையன் கடவுள்கிட்ட திரும்பி வரணும், வேண்டிக்கோங்க" என்று கேட்டாள். அவர்களும் வாரம் தவறாமல் உருகி உருகி வேண்டினார்கள். நல்ல மனிதர்கள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அக்கா காய்ச்சலில் விழுந்தபோது பாஸ்டரின் மனைவியே கூடத்தைத் துடைத்துவிட்டு, கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தார்.

இதற்கிடையில் கூடத்து ஏசி படுத்துவிட்டது. அக்காதான் மகனை அனுப்பிவைத்தாள். கேஸ் போட்டுச் சரிசெய்தான். அடுத்த வாரமும் போனான், அதற்கடுத்த வாரமும் போனான். நல்லா ஓடுகிற ஏசிக்கு அப்படி என்னடா சர்வீஸ் என்று நானாவது கேட்டிருக்க வேண்டும். வீட்டில் ஹெட்ஃபோன் காணாமல் போனது. கையில் பைபிள் வந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாடி, செபம் வீண் போகல. அடுத்த வாரம் பூசைக்குக் கூப்பிடறேன், வருவான் பாரு."

சனிக்கிழமை பாஸ்டர் அவளிடம், "நாளைக்கு வேணும், அந்தப் பெரிய தொட்டிய நிரப்பி வைங்க சிஸ்டர். உங்களுக்கு ஒரு சந்தோஷமான சேதி இருக்கு. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்றார். யாருக்கோ ஞானஸ்நானம் என்று நினைத்துக்கொண்டாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய் எட்டாததால் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். ஞாயிறு காலையில், இறங்குகிறவருக்குச் சளி பிடிக்குமே என்று சுடுதண்ணீர் வேறு கலந்தாள்.

கூட்டத்தின் நடுவில், நானும் அக்காவும் பார்த்துக்கொண்டிருக்க, தொட்டியை மறைத்த திரையை விலக்கினார்கள். வெள்ளை அங்கியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றது எங்கள் பையன்.

அக்கா என் முழங்கையை இடித்தாள். "தொட்டி ஒழுகுதாடி? இவன் எதுக்கு இறங்கியிருக்கான்?"

அதற்குள் அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "நான் கடவுளைத் தெரியாத வீட்டுல வளர்ந்தவன். எங்கம்மா ரொம்ப நல்லவங்க. அவங்க கண்ணும் திறக்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்றான். கூடமே ஆமென் என்றது.

"உங்க ஜெபத்துக்குப் பதில் கிடைச்சிடுச்சு சிஸ்டர்! முன்னாடி வாங்க!" பாஸ்டருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷனிடம் துளிகூடக் கள்ளமில்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

அக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்குத்தான் ஞானஸ்நானம் ஆயிடுச்சேடா?"

ஆகியிருந்தது. நானே சாட்சி. குறைமாதத்தில் நீலம் பாரித்துப் பிறந்த பிள்ளை அவன். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஃபாதரைக் கூப்பிட நேரமில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் முறை. பெற்ற உடம்போடு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நான் நீட்டிய டம்ளரில் இருந்து அக்காவே அவன் நெற்றியில் ஊற்றினாள். ஒருமுறை ஊற்றினால் அது ஆயுசுக்கும்தான்.

"அது எனக்கு விவரம் தெரியாதப்ப நடந்ததும்மா. நானா நம்பி எடுத்தாத்தான் அது ஞானஸ்நானம்."

"விவரம் தெரியாதப்பதான்டா ஊத்துனேன். நீ செத்துக்கிட்டு இருந்த. அப்ப நான் ஊத்துனது வெறும் தண்ணியா?"

அவன் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா" என்றான், மெதுவாக, ரொம்ப மரியாதையாக.

பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். பாஸ்டர் அவன் முதுகைத் தாங்கிப் பின்பக்கமாகச் சாய்த்தார். அவன் முகம் தண்ணீருக்குள் போனதுதான் தாமதம், அக்கா இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு அவன் அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"தூக்குங்க! என் புள்ள மூச்சு விடல! ஐயோ, தூக்குங்க!"