ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

என் அலுவலகக் கணினியில் உரிமம் இல்லாத ஓர் இயங்குதளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது தவறென்று தெரிந்த பிறகும் ஓட்டுகிறேன்.

கண்டியில் ஒரு சிறிய மொழிபெயர்ப்பு நிலையத்தில் எனக்கு வேலை. கைக்குழந்தைக்காரி அடிக்கடி லீவு எடுப்பாள் என்று மற்றவர்கள் தட்டிக்கழித்தபோது, முதலாளி மட்டுமே என்னை நம்பினார்.

கணினிகளின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினோம். எங்கள் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அதில் திறக்கவே இல்லை. பல வருடத் தமிழ் மொழிபெயர்ப்புகள் உள்ளே அடைபட்டுப்போயின.

பழைய இயங்குதளத்தின் காப்புப் பிரதி என்னிடம் இருந்தது. கணினியின் வன்வட்டை இரண்டாகப் பிரித்து, மறுபாதியில் அதை நிறுவினேன். எவரும் சொல்லித்தராமல், நானே! கணினியைத் திறந்தால், எது வேண்டும் என்று திரை கேட்கும். ஒரே கணினிதானே, ஒரே உரிமம் போதும் என்று நினைத்தேன்.

பிறகொருநாள், மகளின் பாலர் பாடசாலை வாசலில் காத்து நின்றபடி, கைபேசியில் விதிமுறைகளை வாசித்தேன். மேம்படுத்தியதுமே பழையதன் உரிமம் புதியதோடு சேர்ந்துவிடுகிறது. புதியது பழுதானால் காப்புப் பிரதியைத் திரும்பப் போடலாம். இரண்டையும் அருகருகே ஓட்டத் தனி உரிமம் வேண்டும்.

முதலாளியிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்... நாளை சொல்லலாம் என்று விட்டேன்.

அந்த வாரம் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். மகனைப் பாடசாலையில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழின் தமிழாக்கம் வேண்டும். முன்பு நாங்கள் செய்துகொடுத்த பிரதி மழையில் ஊறிப்போனதாம்.

"இன்னைக்கே கெடைக்குமாங்க? நாளைக்கும் வந்தா ஒரு நாள் பேரு போயிரும், சம்பளம் கெடைக்காது."

"உக்காருங்க அக்கா. எடுத்துத் தாறேன்."

பழைய இயங்குதளத்தைத் திறந்து, அதில் கிடந்த அவளுடைய கோப்பை அச்செடுத்தேன். அவளுடைய தேநீர் ஆறுமுன்னே தாள் கையில் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அட, இந்த வித்தைய மத்த கம்பியூட்டருக்கும் போட்டு விடுங்கம்மா."

"ஒவ்வொண்டுக்கும் தனி லைசன் வாங்கணும் சேர். இல்லாம ஓட்டுறது பிழை."

"பாத்தீங்களா, இந்தப் பிள்ளைக்கிட்ட பிழையே நடக்காது" என்று அந்தத் தாயிடமே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கட மெசினுக்கு?" என்றார்.

"அதுக்கு இருக்கு சேர்."

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்!

மற்றக் கணினிகளுக்கெல்லாம் உரிமம் வாங்கிவிட்டார். என்னுடையது மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பதும் இப்போது நான்தான்.

நீங்கள் என்னைத் தீர்ப்பிடலாம். ஆனால் அந்தத் தாய் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கியதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். வெட்கப்பட முயல்கிறேன்... பெருமையே முந்திக்கொள்கிறது.

காலையில் கணினி கேட்கிறது, எதைத் திறக்க என்று. முதலாளி பின்னால் நிற்கிறாரா எனத் திரும்பிப் பார்த்துவிட்டு, பழையதைத் தெரிவு செய்கிறேன்.