பின்படி வழியாக ஆபீஸுக்கு

எங்கள் வீட்டு அடுக்களை மேடையில் காலை எட்டரை மணிக்கு ஒரு டிபன் பாக்ஸ் தயாராக நிற்கும். எவர்சில்வர், இரண்டு அடுக்கு, மூடியில் ஒரு நசுங்கல். இந்தத் திருப்பதியில் டிபனோடு ஆபீஸ் போகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் முன்வாசலில் கிளம்பி, தெருமுனை டீக்கடையைச் சுற்றி, பின்சந்து வழியாக அதே வீட்டு மாடிக்கு ஏறி வேலை பார்த்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். அந்த டிபனைக் கட்டிக் கொடுத்தவர் என் மாமியார். அவரை ஏமாற்றத்தான் அந்த ஏற்பாடே என்பதுதான் வேடிக்கை.

நான் குடிபாலா என்கிற ஊர்க்காரி. கல்யாணத்துக்குப் பின் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் ஏறும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோறு ஊட்டப் போனபோது, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு மாமியார் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். வேலையை விட்டேன். தெலுங்கும் ஆங்கிலமும் தெரியும் என்பதால் வீட்டிலிருந்தபடியே தமிழுக்கு மொழிபெயர்த்துத் தரும் வேலையில் இறங்கினேன். "ஒரு வருஷம் பார்க்கறேன். நிக்க முடியலன்னா திரும்பவும் பஸ் ஏறிடறேன்" என்று கணவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். தோற்றால் மகள் மறுபடி என்னை விருந்தாளியாகப் பார்ப்பாள். அதுதான் என் பயம்.

சொந்தமாக வேலை செய்வதில் எத்தனை ஓட்டை என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. முதல் தேதி சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, தீபாவளி போனஸ் கிடையாது, காய்ச்சல் வந்தால் லீவு கிடையாது. மேனேஜரைத் திட்டுகிற சுகம்கூட இல்லை. திட்டினால் என்னையே நான் திட்டிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்கு ஒரு கேட் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார், என் பெரியம்மாவே வந்தாலும் உள்ளே விடமாட்டார். என் புது வேலைக்குக் கேட் இல்லை. அதிலும் திருப்பதியில் வீடு! ஆரணியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சொந்தங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாமியார் நாகலாபுரத்துக்காரர், விருந்தோம்பலில் கர்ணன் பரம்பரை. ஆனால் தானம் கொடுப்பது என்னை. "எங்க மருமவ ஊட்லதான் சும்மா கீறா, அவ இட்டுகினு போவா" என்பார். அந்த முதல் சில மாதங்களில் நான் மலை ஏறிய கணக்குக்கு, பெருமாளே "மறுபடியுமா?" என்று கேட்டிருப்பார்.

ஒருநாள் அப்படித்தான் கணவரின் பெரியப்பா குடும்பத்தோடு தரிசன வரிசையில் நின்றேன். வரிசைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தால், மொழிபெயர்ப்பு வேலை தருவார் என்று நான் மாதக்கணக்கில் காத்திருந்த ஒருவர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து, வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். கையில் சூடாக லட்டு. அதை வாயில் போடவே மனம் வரவில்லை.

மறுவாரம், "அத்தே, டவுன்ல ஒரு ஆபீஸ்ல சேர்ந்துட்டேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! அன்றே இந்த டிபன் பாக்ஸ் பரணிலிருந்து இறங்கியது. கணவர் மட்டும் கூட்டாளி. நான் செருப்பு மாட்டி, கைப்பையோடு தெருவுக்கெல்லாம் தெரியும்படி நடந்து, பின்படி ஏறி மாடி அறைக்குள் புகுந்துகொள்வேன். சாயங்காலம் மகள் விளையாடும் நேரத்துக்கு அதே வழியில் திரும்பிவிடுவேன்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? மிளகாய் காய வைக்க மாடிக்கு வந்தவர், ஃபேன் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளினார். நான் வாயில் தயிர்சோறோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"கீழ வந்து சுடச்சுடத் துன்றதுக்கு இன்னா மே?" என்றார்.

"வந்தா விடமாட்டீங்களே அத்தே" என்றேன். லட்டும் கையுமாக நின்ற நாளைப் பற்றிச் சொன்னேன், மகளைப் பற்றியும் சொன்னேன்.

முறத்தை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நெடுநாளாக முன்னறையில் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவர் அவர். முன்பொரு முறை ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு ஆள் வந்து, வீட்டம்மா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, பஸ் டிப்போவில் அப்போது வேலையிலிருந்த மாமனார், "ஊட்ல சும்மாதான் கீறா" என்று சொன்னாராம். "அப்பகூட என் காலு மிஷின் பெடல் மேலதான் இருந்துச்சி" என்றார் மாமியார். பிறகு எழுந்து, "கதவ சாத்திக்கினு வேலைய பாரு" என்று இறங்கிப் போனார். மறுநாள் டிபனில் கூடுதலாக நாலு வடை இருந்தது. "ஆபீஸ்ல நாலு பேரு கேட்டா குடுக்க வாணாமா?" என்று என் கண்ணைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார்.

வருஷம் முடியும் தறுவாயில் ஒரு வாய்ப்பு வந்தது. பள்ளிப் பாடங்களைப் பல மொழிகளில் போடுகிற ஒரு கம்பெனி, நீண்ட ஒப்பந்தத்துக்குப் பரீட்சை வைத்தது. காமிரா முன்னால் உட்கார்ந்து, எழுந்திருக்காமல், ஒரு முழுப் பாடத்தை மொழிபெயர்க்க வேண்டும். நான் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாசலில் வேன் சத்தம். மாமியாரின் சொந்தத் தங்கை, பேரனுக்கு மொட்டை போட, காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கியிருந்தார். திறந்த ஜன்னல் வழியே எல்லாம் காதில் விழுந்தது.

"அக்கா, எங்க உம் மருமவ? அவதான் வந்து மலைய காட்டணும்."

"ஆபீஸ் போயிக்கிறா."

"ஒருநா லீவு போடச் சொல்லேன்!"

"லீவா? அவ இல்லன்னா அந்த ஆபீஸே கெடையாதுடி!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காமிரா பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் விழுங்கினேன். என் தொழிலின் அத்தனை குறையையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், அதுவும் பெருமையாக. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைப் பாதியில் போட்டுவிட்டு, துணையில்லாமல் மலைக்குப் போயே பழகாத அந்த மனுஷி, அத்தனை பேரையும் தானே கூட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "முடிச்சிட்டியா?" என்றார். முடித்திருந்தேன். அந்த வாரமே ஒப்பந்தம் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "நம்ம ஆபீஸ்க்கு வேல கெட்சிருக்கு" என்று மாமியார் அவர்களுக்கு விளக்கம் சொன்னார். பஸ் ஏறும் பேச்சு அன்றோடு ஒழிந்தது.

இன்று மாடி அறையை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டோம். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராக மேலே ஓடிவருகிறாள். அடுக்களை மேடையில் மூடி நசுங்கிய டிபனுக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு டிபனும் நிற்கிறது. போன தை மாதம் மாமியாரின் தையல் மிஷினும் மாடிக்கு ஏறிவிட்டது. காலையில் இருவரும் செருப்பு மாட்டி, முன்வாசல் வழியாகக் கிளம்பி, டீக்கடையைச் சுற்றிக்கொண்டு பின்படி ஏறுகிறோம். சுற்ற வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் அவர் விடுவதில்லை. நேற்றும் ஆரணியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ரிடையரான மாமனார் கதவைத் திறந்து சொன்னது மாடிவரைக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் ஆபீஸ் போயிக்கிறாங்கோ. ஊட்ல நான்தான் சும்மா கீறேன். வாங்கோ, மலைக்கு நான் இட்டுகினு போறேன்."