உப்பு வயலின் பச்சை

விடிந்தும் விடியாத நேரத்தில் அருள்மணி வரப்பில் குந்தி, மஞ்சள் பட்ட இலைகளைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பை புடைத்ததும் வாய்க்காலில் உதறிவிட்டு மறுபடி குந்துகிறார். காரைக்கால் கடலோரத்து விதைப்பண்ணை ஒன்றுக்கு அவர் மேலாளர். எந்த வயலும் அவருக்கு விரித்த பாயாக இருக்கவேண்டும்; ஒரே உயரம், ஒரே பச்சை. நடுவில் ஒரு குத்துப் பயிர் வெளுத்தாலும், தன் வெள்ளைச் சட்டையில் எவனோ வெற்றிலை துப்பிவிட்டதுபோல முகம் சுண்டிவிடும்.

அவர் பொறுப்பில் விட்டிருப்பதோ, வெளுக்கவும் கருகவும் என்றே நட்ட வயல். அறுபது வகை நெல். கரையோரத்துப் பழைய ரகங்கள், எங்கெங்கிருந்தோ வந்தவை, இரண்டையும் சேர்த்து எடுத்தவை. ஆழ்குழாயின் உப்புத் தண்ணீரை மட்டும் பாய்ச்சிவிட்டுப் பார்க்கவேண்டும். ஒன்றின் வேர் உப்பை வாசலிலேயே நிறுத்திவிடும். இன்னொன்று உப்பை முதிர்ந்த இலையில் ஒதுக்கி, அதை மஞ்சளாக்கிவிட்டுக் குருத்தைக் காப்பாற்றும். மற்றவை எதுவும் தெரியாமல் செத்துப்போகும். அந்த வித்தியாசம்தான் சோதனை. அந்த வித்தியாசம்தான் அருள்மணிக்கு ஆகாது.

ஆகவே ஆட்கள் வருமுன் குளத்து மோட்டாரைப் போட்டு நல்ல தண்ணீரை உப்பு வயலுக்குத் திருப்புகிறார். மேலுக்குக் கொஞ்சம் யூரியா. அதற்கும் மேலே, சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய்ப் பயிரின் பேரில் ஓர் எள் விளக்கு. பயிர் தேறினால் புகழ் சனீஸ்வரனுக்கு. மோட்டாருக்கு அதில் பங்கில்லை.

சோதனையை வகுத்த ஆராய்ச்சியாளர் வினோதினி. அவர் வந்து தண்ணீரை அளக்கும் நாளுக்கு முந்தின நாள் மட்டும் உப்பு மோட்டார் பக்தியோடு ஓடும். ஆனாலும் பயிரின் செழிப்பு அவருக்கு உறுத்துகிறது.

"சார், நல்ல தண்ணி விட்டீங்களா?"

"மழைம்மா."

"எனக்குத் தெரியாம காரைக்கால்ல மழையா? சார், சாக வேண்டியதச் சாக விடுங்க. அப்பத்தான் எது பொழைக்கும்னு தெரியும்."

"பச்சப்புள்ளையாட்டம் நிக்கிது. சாவட்டும்னு சொல்ல உனக்கு எப்படிம்மா வாய் வருது? என் பண்ணையில எதுவும் சாவாது."

"பரீட்சையில எல்லாருக்கும் நீங்களே விடையைச் சொல்லிக்குடுத்தா, யாரு படிச்சவன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"எல்லாரும் பாஸுன்னா சந்தோஷந்தானேம்மா!"

இதை இளகிய மனசு என்று நம்புகிறவர்கள் பண்ணையிலேயே இருக்கிறார்கள். அந்த மனசு வரப்பைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. போன வருடம் அறுபதும் உப்பைத் தாங்கும் என்று அறிக்கை போயிற்று. எல்லாமே தாங்கும் என்றால் எதைக் கொடுப்பது? இருப்பதில் பச்சையானதைப் பொறுக்கி, கரையோரம் முழுக்க விவசாயிகளுக்கு அந்த ஒன்றையே விதையாகக் கொடுத்தார்கள். கடல் தண்ணீர் அரசலாற்றில் ஏறியபோது கரையோரம் முழுக்க ஒன்றுபோலவே கருகியது. அருள்மணி ஆசைப்பட்ட அந்த ஒரே நிறம் கடைசியில் வந்துவிட்டது. பச்சையாக இல்லை, அவ்வளவுதான்.

கருகிய வயல்களில் செல்லத்தினுடையதும் ஒன்று. இரண்டு மா குத்தகை நிலம். பண்ணையில் வயல் விழா என்று கேள்விப்பட்டு, வேரோடு பிடுங்கிய ஒரு குத்தோடு அவள் வந்து நின்றபோது, அருள்மணி மைக்கைப் பிடித்திருந்தார். எதிரே நாற்காலிகளில் அதிகாரிகள். விழா நாள் என்பதால் குளத்து மோட்டார் அன்று விடியலில் கூடுதலாகவே ஓடியிருந்தது.

"அய்யா, இது நீங்க குடுத்த வெத. உப்பத் தாங்கும்னீங்க. வயலு வைக்கோலா நிக்கிது. அறுப்பு இல்லன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு விட்டுடுவாரு. வர்ற வருஷமும் இதையேதான் குடுப்பீங்களா?"

"நீ சரியாப் பாத்திருக்க மாட்டே. இங்க பாரு, அதே ரகம், அதே உப்புத் தண்ணி. எப்படி நிக்கிது?"

"அதே உப்பா?"

செல்லம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். மடைவாயில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை அள்ளி அதையும் குடித்தாள்.

"எளநி மாதிரில்ல இருக்கு! இந்த உப்பு எங்கய்யா கெடைக்கும்? எனக்கும் ரெண்டு கொடம் ஊத்துங்க, என் பயிரும் பொழைச்சுக்கட்டும்!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வினோதினி சிரிக்கவில்லை, அருள்மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசை அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்தார். "என்னங்க அருள்மணி, அந்தம்மா என்ன சொல்லுது?"

"அதுக்கு நாக்கு செத்துப்போச்சு சார். பாருங்க, நானே குடிச்சுக் காட்டுறேன்." மைக்கை வைத்துவிட்டு மடைக்கு வந்தார். குனிந்து இரண்டு கையும் நிறைய அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டார். கண்ணை இறுக மூடி, முகத்தை எட்டுக் கோணலாகச் சுளித்து, "த்தூ! என்னமாக் கரிக்கிது!" என்று வரப்பில் துப்பினார்.

துப்புவதற்கு வாயில் ஒரு சொட்டும் இல்லை. அவ்வளவும் தொண்டைக்குள் போயிருந்தது.