ஞாயிற்றுக்கிழமைக் கோடுகள்

பிரஸ் மிஷின் என் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் அன்று நம்பினார்கள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் மாமியார் அதை உறுதியாகவே நம்பினார். என் கணவர் சேவியர் பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர், இயந்திரங்களை அறிந்தவர்... அவரும் பாதி நம்பினார். நாள் முழுக்க ‘டங், டங்’ என்று தகடு அடிக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் இருக்கும் பெண்ணின் இதயம், என்றாவது ஒரு நாள் தன் தாளத்தை மறந்துபோகாதா என்ன?

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? சென்ற வாரம் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஈ.சி.ஜி. எடுத்த பெண் காகிதத்தைப் பார்த்ததும் முகம் மாறினாள்.

“ஆன்ட்டி... ஒரு பீட் முன்னாடியே வந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா,” என்றேன். “அது எங்க வீட்டு ஆள்.”

அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில், இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். வாஷர்களை அளந்து பார்த்து, தேறாதவற்றை ஒதுக்கும் வேலை. ஒரு நாள் அப்படி அளந்துகொண்டிருக்கும்போது நெஞ்சில் ஒரு துள்ளல். பிறகு ஒரு வெறுமை. பிறகு ‘தொம்’ என்று ஓர் அடி. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்க, அங்கே தரை வந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி. ஒரு முறை வந்து போயிருந்தால் மறந்திருப்பேன். தினமும் வந்தது. சில நாள் எண்ணி முடியாத அளவுக்கு வந்தது.

இதய மருத்துவர் ஒருவரிடம் போனோம். எல்லாச் சோதனைகளும் செய்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

“துடிப்புல ஒண்ணு அவசரப்பட்டு முன்னாடி வந்துடுது. அப்புறம் இதயம் கொஞ்சம் நின்னு, அடுத்ததைப் பலமா அடிக்குது. இதயத்துல கோளாறு எதுவும் இல்லை. மயக்கம் வந்தா, மூச்சு முட்டினா உடனே வாங்க. மத்தபடி எது இதைத் தூண்டுதுன்னு கவனிங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு.”

உடன் வந்திருந்த அத்தை — மாமியாரை நான் அப்படித்தான் அழைப்பேன் — குறுக்கிட்டார்: “அப்ப அது ஒரு முந்திரிக்கொட்டன்னு சொல்லு டாக்டரு!”

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அத்தையின் தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

“எது தூண்டுதாம்? அந்த மிசினுதான் தூண்டுது. இதுக்கு டாக்டரு வேற சொல்ணுமா? வேலய வுட்டுட்டு ஊட்ல கெடடி.”

வேளை பார்த்துத்தான் வந்தது இந்தப் பேச்சு. எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் பதவி காலியாகியிருந்தது. பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்ததில்லை. ஃபோர்மேன் என் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். மாதக் கடைசியில் முடிவு சொல்வார்கள்.

சேவியர் தம் உருண்டையான கையெழுத்தில் என் ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்தார். என் ஒப்பம் மட்டும் பாக்கி. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் அதைச் செருகி வைத்தார்.

“பயமா இருக்கு ஜெசி. வேற ஒண்ணுமில்ல.”

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஒரு மாத அவகாசம் கேட்டேன். ஒரே ஒரு மாதம்.

கம்பெனியில் பாகம் தேறாமல் போனால் நாங்கள் உடனே மிஷினைத் திட்டமாட்டோம். எந்த நாள், எந்த நேரம், எந்தத் தகடு என்று குறிப்போம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் தேட வேண்டும். தேடும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரும்புக்குச் செய்யும் இந்த மரியாதையை என் நெஞ்சுக்கும் செய்தால் என்ன?

சமையலறைக் கதவுக்குப் பின்னால், சுவரில், கரிக்கட்டியால் கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள் போட்டேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடு போட எழுத்து எதற்கு?

“நீ சொல்லு, நான் போட்றேன். அந்த மிசினு மாட்டிக்குதா இல்லியா பாரு,” என்று கரிக்கட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

கம்பெனியில் வந்தவற்றைத் துண்டுச் சீட்டில் குறித்து வந்து மாலையில் ஒப்பிப்பேன். வீட்டில் வந்தால் அந்தக் கணமே ஒரு குரல்.

“வந்துச்சு அத்தை.”

“போட்டேன்.”

ஜெபமாலைக்கு நடுவில்கூட ‘வந்துச்சா?’ என்று கண்ணால் கேட்பார்.

இரண்டாம் ஞாயிறு மாலை. அத்தை கதவைச் சாத்திவிட்டுச் சுவர் முன் நெடுநேரம் நின்றார்.

“இன்னாடி இது... ஞாயித்துக்கெயம கட்டத்துலதான் ஈ மாரி மொய்ச்சிகினு கீது? அன்னிக்கு ஏதுடி மிசினு?”

அவர் வாதத்தை அவரே, தம் கையால் போட்ட கோடுகளைக் கொண்டே உடைத்துக்கொண்டிருந்தார். குறுக்கே பேச எனக்கு என்ன அவசியம்?

ஞாயிற்றுக்கிழமைக்கென்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் வரை, முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பூசை முடிந்து, எல்லோரிடமும் பேசி, நடந்து வீடு வந்து சேர்வதற்குள் வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். வந்ததும் அத்தை கையால் காபி. கள்ளிச்சொட்டாக இரண்டு டம்ளர். ‘வாரம் பூரா ஒயக்கிறா’ என்று மகனுக்குக்கூட இல்லாத முதல் டிகாக்‌ஷன் எனக்கு. அவர் அன்பைச் சொல்லத் தெரிந்த ஒரே வழி அது.

அதையா நிறுத்தச் சொல்வது? நான் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு அவராகவே டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒண்ண ஒண்ணாதான மாத்தணும்ன? மொதல்ல இத மாத்து.”

கோடுகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் மீதிப் பாதி போகவில்லை. மிச்சமிருந்தது பட்டினி. அத்தை முகம் இறுகியது.

“வயித்த நெப்பிகினு போயி நன்ம வாங்கறதா? எந்த ஊரு நாயம்டி இது?”

அந்த வாரச் சனிக்கிழமை மாலை, முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவர் தனியாகக் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து வாசல்படியிலேயே நின்றார்.

“சாப்ட்டு ஒரு மணி நேரம் பொறுத்தா போதுமாம். எப்பவோ மாத்திட்டாங்களாம். ஃபாதர் சொல்றாரு.”

செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவுங்க சொல்லிகினுதான் இருந்தாங்க. நான்தான் காதுல வாங்கல.”

எழுபதை நெருங்கிய ஒரு பெண்மணி, தம் மருமகளிடம். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை நிமிர்கிறது. எத்தனை படித்தவர்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஏழரை மணிப் பூசைக்கு முன், இரண்டு இட்லி. பூசை முடிந்து பால். மாலையில் சுவரில் இரண்டே கோடுகள்.

வார நாட்களின் கோடுகளுக்கும் விடை கிடைத்தது. வெறும் வயிற்றில் டீயைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிய காலைகள்! வியாழக்கிழமைகளில் மட்டும் ஏன் கொஞ்சம் அதிகம் என்பது இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும். இது என் நெஞ்சு சொன்ன பதில். உங்கள் நெஞ்சு வேறு சொல்லலாம். முதலில் டாக்டர், அதன் பிறகுதான் கரிக்கட்டி.

திங்கள் காலை அத்தை படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை உருவினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார்.

“டேய் சேவியரு, உன் எயுத்து நல்லா எரியுதுடா.”

சேவியர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

நாற்காலி எனக்கே கிடைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் அதில் உட்கார்ந்தேன். அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்: “எம் மருமவ அந்த மிசினயே மெரட்றவ, தெரியுமா?” முதலில் மிஷின் பக்கம் கையை நீட்டியது யார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான்.

அத்தை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. சேவியரும் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, இரண்டு இட்லியோடு, இந்த வீட்டில் மிச்சமிருப்பது நானும் அந்த முந்திரிக்கொட்டையும்.